கனடாவில் தண்டவாள வேலை: மூன்று சம்பள எண்களும் ஒரு குழப்பமும்

அண்ணன் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தான். பனி மூடிய தண்டவாளத்தில் ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்த இருவர் குனிந்து நிற்கும் படம். கீழே, "கனடா ரயில்வே பராமரிப்பு வேலை. விசா ஸ்பான்சர். மணிக்கு 36 டாலர், அரசு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம்." அதற்கும் கீழே அவன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: "சித்தப்பா, இது உண்மையா?"

உண்மையும் பொய்யும் பின்னிக் கிடக்கும் விளம்பரம் அது. 36 என்ற எண் கனடா அரசின் பக்கங்களில் இருக்கிறது. ஆனால் அது குறைந்தபட்சச் சம்பளம் அல்ல. குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று தனியாக இருக்கிறது. அது ஏறக்குறைய இதில் பாதிதான். இரண்டுக்கும் நடுவே, இந்த வேலைக்குப் போகிறவருக்கு உண்மையில் பொருந்துகிற மூன்றாவது எண் ஒன்று உண்டு. விளம்பரங்கள் அதைச் சொல்வதேயில்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் பலர் நிலத்தை அடகு வைத்துவிட்டுப் பின்னால் ஏமாந்து நிற்கிறார்கள். அவனுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் 'ஸ்பான்சர்' என்ற சொல்

கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் ஸ்பான்சர் என்பது பெரும்பாலும் குடும்பத்தைக் குறிக்கும் சொல். கணவன் மனைவியை அழைப்பது, பிள்ளைகள் பெற்றோரை அழைப்பது போன்றவை. வேலை கொடுக்கும் நிறுவனம் செய்வது வேறு. "இந்த வேலைக்கு இங்கே ஆள் தேடினேன், கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவரை எடுக்க அனுமதி தாருங்கள்" என்று அது அரசிடம் விண்ணப்பிக்கிறது. அரசு அதை ஆராய்ந்து தரும் முடிவுக்குத் தொழிலாளர் சந்தைத் தாக்க மதிப்பீடு என்று பெயர். ஆங்கில எழுத்துகளின் சுருக்கமாக எல்லோரும் எல்.எம்.ஐ.ஏ. என்கிறார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

எல்.எம்.ஐ.ஏ. விசா அல்ல. நிறுவனத்துக்குக் கிடைக்கும் அனுமதி, அவ்வளவுதான். அதைக் காட்டித் தொழிலாளி தனியாக வேலை அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைக் கொடுப்பதும் மறுப்பதும் வேறொரு துறை. சம்பள விதிகளெல்லாம் முதல் கட்டத்திலேயே, அதாவது நிறுவனம் எல்.எம்.ஐ.ஏ. கேட்கும்போதே பூட்டப்பட்டுவிடுகின்றன. பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

அடித்தளம்: சட்டத்தின் குறைந்தபட்ச ஊதியம்

டவுன் பஸ்ஸில் ஏறினால் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாலும் அதற்குக் குறைந்து டிக்கெட் கிடையாது. ஆனால் கடைசி நிறுத்தம் வரை போகிறவருக்கும் அதுதான் கட்டணம் என்று யாரும் நினைப்பதில்லை. குறைந்தபட்ச ஊதியமும் அப்படித்தான். எந்த வேலையானாலும், செய்பவர் உள்ளூர்க்காரரானாலும் வெளிநாட்டவரானாலும், இதற்குக் கீழே போகக்கூடாது என்று சட்டம் போட்ட கோடு.

கனடாவில் இந்தக் கோடு ஒன்றல்ல. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒன்று. மத்திய அரசின் கீழ் வரும் துறைகளுக்குத் தனியாக ஒன்று. மாகாண எல்லைகளைத் தாண்டி ஓடும் ரயில்வே 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டப்படியே மத்திய அரசின் அதிகாரத்தில் வருகிறது. ஆகவே நாடெங்கும் பாதை வைத்திருக்கும் சி.என்., சி.பி.கே.சி. போன்ற பெரிய ரயில் நிறுவனங்களின் நேரடி ஊழியருக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தும். 2021 டிசம்பர் இறுதியில் அது மணிக்கு 15 டாலராகத் தொடங்கியது. விலைவாசியையொட்டி ஆண்டுதோறும் ஏப்ரல் 1ஆம் தேதி மாற்றப்படுகிறது. 2025 ஏப்ரலில் 17.75 டாலர் ஆனது.

அத்துடன் ஒரு துணை விதியும் உண்டு. வேலை நடக்கும் மாகாணத்தின் குறைந்தபட்ச ஊதியம் மத்திய அரசினுடையதைவிட அதிகமாக இருந்தால், அதிகமானதையே கொடுக்க வேண்டும். ஆல்பர்ட்டாவில் மாகாண விகிதம் 2018 முதல் 15 டாலரிலேயே நிற்கிறது. எனவே 2025இல் அங்கே ரயில்வே ஊழியருக்கு 17.75தான் அடித்தளமாக இருந்தது. மலைகளைத் தாண்டி பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் போனால், 2025 ஜூனில் மாகாண விகிதம் 17.85 டாலர் ஆனது. பத்து சென்ட் கூடுதல் என்பதால் அப்போது அங்கே அதுவே செல்லுபடியானது.

இங்கே கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தண்டவாள வேலைகளில் பலவற்றை ஒப்பந்த நிறுவனங்கள் எடுத்துச் செய்கின்றன. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயர் ரயில் நிறுவனத்தினுடையதா, ஒப்பந்த நிறுவனத்தினுடையதா என்பதைப் பொறுத்து மத்திய அரசின் சட்டமா மாகாணச் சட்டமா என்பதே மாறக்கூடும். நிற்பது ஒரே தண்டவாளத்தில்தான் என்றாலும் சட்டம் வேறாக இருக்கலாம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் பதினைந்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட எண். எல்லோருக்கும் பொதுவான தரை அது. எல்.எம்.ஐ.ஏ. மூலம் போகிறவருக்கு இந்தத் தரைக்கு மேலே இன்னொரு தரை போடப்பட்டிருக்கிறது.

மேல்தளம்: நிலவும் ஊதியம்

ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு விடப்போகிறோம் என்றால் என்ன செய்கிறோம்? "இந்தத் தெருவில் இரண்டு அறை வீடு என்ன வாடகைக்குப் போகிறது?" என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ஒரு வேலைக்கும் அப்படி ஒரு 'போகிற விலை' உண்டு. இந்த வேலைக்கு, இந்த ஊரில், பொதுவாக என்ன கொடுக்கிறார்கள் என்பதே நிலவும் ஊதியம்.

அதைக் கணக்கிட கனடா அரசு எடுத்துக்கொள்வது சராசரியை அல்ல, இடைநிலை ஊதியத்தை. ஒரு வட்டாரத்தில் ஏழு தண்டவாளத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர்களின் மணிக்கூலி 24, 26, 27, 29, 33, 35, 50 டாலர். சராசரி 32 வரும். ஐம்பது வாங்கும் ஒருவர் அதை மேலே இழுத்துவிடுகிறார். ஏழு பேரையும் வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரின் கூலியை எடுத்தால் 29. அதுதான் இடைநிலை. (இவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள். உண்மையான எண்கள் கனடா அரசின் ஜாப் பேங்க் இணையதளத்தில் வேலைவாரியாக, வட்டாரவாரியாக இருக்கின்றன. பணம் கட்டாமல் யாரும் பார்க்கலாம்.)

வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இந்த 29ஐவிடக் குறைவாகக் கொடுக்கக் கூடாது. அதோடு முடிவதில்லை. அதே நிறுவனத்தில், அதே ஊரில், அதே திறனும் அனுபவமும் உள்ளவருக்கு ஏற்கெனவே 31 கொடுக்கிறார்கள் என்றால் வருகிறவருக்கும் 31 கொடுக்க வேண்டும். இரண்டில் எது அதிகமோ அது. வேலை தொழிற்சங்க ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது என்றால் அந்த ஒப்பந்தத்தின் ஊதிய அட்டவணைதான் அளவுகோல். சி.என். நிறுவனத்தின் தண்டவாளப் பராமரிப்பாளர்களுக்காக ஐக்கிய எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் 2004ஆம் எண் கிளை பேரம் பேசுகிறது. இப்படிப்பட்ட இடங்களில் ஊதியம் அச்சிட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கும். ஏஜெண்ட் வாயால் சொல்வதற்கு அங்கே வேலையில்லை.

2024 தொடக்கத்திலிருந்து இன்னொரு கடமையும் சேர்ந்திருக்கிறது. நிறுவனம் ஆண்டுக்கு ஒரு முறை இந்த ஊதியத்தை மறுபடி பார்க்க வேண்டும். நிலவும் ஊதியம் உயர்ந்திருந்தால் தொழிலாளியின் கூலியும் உயர வேண்டும்.

வெளிநாட்டவருக்கு மட்டும் ஏன் இந்த இரண்டாவது தரை? அவருக்குச் சலுகை காட்டுவதற்காக என்று நினைத்துவிட வேண்டாம். அவரை மலிவாகக் கொண்டுவந்து உள்ளூர்க்காரரின் கூலியைக் கீழே தள்ளாமல் இருப்பதற்காக. அது வெறும் அச்சம் அல்ல. கனடாவின் ரயில் வரலாற்றிலேயே நடந்திருக்கிறது.

1881 முதல் 1885 வரை கனடியன் பசிபிக் ரயில்பாதை போடப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளைக் குடைந்து பாதை போட ஏறக்குறைய 15,000 சீனத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுக்கு நாளுக்கு ஒரு டாலர். வெள்ளைத் தொழிலாளருக்கு ஒன்றரை முதல் இரண்டரை டாலர். அந்த ஒரு டாலரிலும் சாப்பாட்டுக்கும் கருவிகளுக்கும் அவர்களே கொடுத்துக்கொள்ள வேண்டும். வெடிவைக்கும் இடம், பாறை சரியும் இடம் போன்ற ஆபத்தான இடங்களுக்கு அவர்களையே அனுப்பினார்கள். பலநூறு பேர் செத்தார்கள். 1885 நவம்பர் 7ஆம் தேதி கிரெய்கெலாக்கி என்ற இடத்தில் கடைசி ஆணி அறையப்பட்டது. அதே ஆண்டில் அரசு சீனர்களுக்கு 50 டாலர் தலைவரி போட்டது. 1903இல் அது 500 டாலராக உயர்ந்தது. பாதை போட்டு முடிந்ததும், போட்டவர்களின் இனத்தார் உள்ளே வரக் கட்டணம். இதற்காகக் கனடா நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2006இல்.

நிலவும் ஊதியம் என்ற விதியைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஒரு டாலர் எனக்கு நினைவு வருகிறது. அந்த நாளில் இந்த விதி இருந்திருந்தால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி இருந்திருக்க முடியாது.

அப்படியானால் 36 டாலர்?

கடையில் பணம் கட்டும் இடத்தில் இரண்டு வரிசை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பொருளுக்குள் வாங்கியவர் ஒரு வரிசை, அதற்கு மேல் வாங்கியவர் இன்னொரு வரிசை. பத்து என்ற எண் நீங்கள் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று சொல்கிறது. பத்துப் பொருள் வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்வதில்லை.

36 டாலர் அப்படிப்பட்ட எண். எல்.எம்.ஐ.ஏ. விண்ணப்பங்களில் உயர் ஊதியப் பிரிவு, குறை ஊதியப் பிரிவு என்று இரண்டு உண்டு. இரண்டையும் பிரிக்கும் கோட்டுக்கு ஊதிய வரம்பு என்று பெயர். மாகாணத்தில் எல்லா வேலைகளுக்கும் சேர்த்துப் பார்த்த இடைநிலை ஊதியத்தோடு 20 சதவீதம் கூட்டி அதைப் போடுகிறார்கள். இந்த 20 சதவீதம் 2024 நவம்பரில் வந்தது. ஒன்டாரியோவில் அப்போது வரம்பு 34.07 டாலர், 2025 ஜூன் இறுதியில் 36 டாலர் ஆனது. இதுதான் விளம்பரத்தில் 'அரசு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம்' என்று உருமாறி வந்திருக்கிறது.

வரம்புக்குக் கீழே சம்பளம் கொடுப்பது குற்றம் அல்ல. நம் கற்பனை எண்படி நிலவும் ஊதியம் 29 என்றால், 29 கொடுக்கும் ஒன்டாரியோ நிறுவனம் குறை ஊதியப் பிரிவில் விண்ணப்பிக்கும். அங்கே அதற்குக் கட்டுப்பாடுகள் அதிகம். 2024 செப்டம்பர் முதல் பொதுவாக மொத்த ஊழியர்களில் 10 சதவீதத்துக்கு மேல் இப்படி எடுக்க முடியாது. கட்டுமானம் போன்ற சில துறைகளுக்கு மட்டும் 20 சதவீதம். வேலையின்மை 6 சதவீதத்தைத் தொட்ட பெருநகரங்களில், சில விலக்குகள் போக, விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வதே இல்லை. அனுமதியும் ஓராண்டுக்குத்தான்.

மறுபுறம், இந்தப் பிரிவில் வருகிறவருக்குச் சில உரிமைகள் கூடுதல். போகவர டிக்கெட் செலவு நிறுவனத்தினுடையது. கட்டுப்படியாகும் தங்குமிடம் கிடைக்கச் செய்ய வேண்டும். மாகாண மருத்துவக் காப்பீடு கிடைக்கும் வரை தனியார் காப்பீட்டுக்கு நிறுவனம் பணம் கட்டுவது மட்டும் இரு பிரிவுக்கும் பொது. விமான டிக்கெட்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஏஜெண்டிடம் கேட்டுக்கொண்டிருக்கும் பலர், குறை ஊதியப் பிரிவில் அந்தச் செலவு தங்களுடையதே அல்ல என்பதை அறிவதில்லை.

ஒரு நிறுவனம் தானாகவே 36 கொடுப்பதாக எழுதி உயர் ஊதியப் பிரிவில் விண்ணப்பிக்கவும் செய்யலாம். அப்படி எழுதிவிட்டால் 36 கொடுத்தே தீர வேண்டும். சம்பளச் சீட்டில் 36 போட்டுவிட்டு மாதாமாதம் ஒரு பகுதியைக் கையில் திருப்பி வாங்குவது மோசடி.

ஆக, 17.75 போன்ற குறைந்தபட்ச ஊதியம் எல்லோருக்கும் பொதுவான தரை. கற்பனை எண்ணான 29 இந்த வேலைக்கு, இந்த வட்டாரத்துக்கு உரிய தரை. 36 எந்த வரிசை என்று காட்டும் பலகை.

ஐந்து இலக்க எண் ஒன்று

'இந்த வேலை' என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எந்த வேலை என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? கனடாவில் ஒவ்வொரு வேலைக்கும் தேசியத் தொழில் வகைப்பாட்டில் ஐந்து இலக்க எண் ஒன்று இருக்கிறது. ரயில் யார்டு, தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளரின் எண் 74200. இரண்டாவது இலக்கம் அந்த வேலைக்கு எவ்வளவு படிப்பும் பயிற்சியும் வேண்டும் என்பதைக் காட்டும். எண் கூடக்கூடத் தேவைப்படும் பயிற்சி குறையும். 4 என்றால் பள்ளிப் படிப்போ சில வாரப் பயிற்சியோ போதும்.

பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கிறது: 75211. ரயில்வே மற்றும் சாலைப் போக்குவரத்து எடுபிடித் தொழிலாளர். தண்டவாளம் பராமரிப்பவருக்கு உதவி செய்கிறவர் இவர். இரண்டாவது இலக்கம் 5. நிலவும் ஊதியம் எண்ணுக்கு எண் வேறு. எடுபிடி வேலைக்குப் பொதுவாகக் குறைவு.

இந்த வித்தியாசத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் புரியும். நம் ஊரில் கேங்மேன் என்று சொல்வோமே, அவர் செய்கிற வேலையை எண்ணிப்பாருங்கள். மக்கிய கட்டையை உருவி, புதிய கட்டையைச் செருகி, ஜல்லியைத் திணித்து, மட்டம் பார்க்கிறார். கனடாவில் இதில் பெரும்பகுதியை இயந்திரங்கள் செய்கின்றன. அவற்றை ஓட்டுவதும் 74200இன் வேலை. கடுங்குளிரில் இரும்பு சுருங்கித் தண்டவாளத்தில் வெடிப்பு விழும். இரவில் அழைப்பு வந்தால் பனியில் போய் வெடித்த இடத்தைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். பாதை பிரியும் இடத்தில் பனிக்கட்டி உறைந்து நகராமல் போனால் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். இதையெல்லாம் செய்கிறவரை 75211 என்று எழுதி எடுத்தால், பராமரிப்பாளரின் உழைப்பு எடுபிடிக் கூலிக்குப் போகிறது. கடிதத்தில் வேலையின் பெயர் அழகாக இருக்கும். எண்ணைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மணிக்கூலியைப் பாருங்கள், வாரக்கூலியை அல்ல

நிலவும் ஊதியத்தை ஒப்பிடுவது மணிக்கூலியோடு மட்டும். ஓவர்டைம், போனஸ், தங்குமிட வசதி எதையும் அதில் சேர்த்துக் கணக்குக் காட்டக் கூடாது. ஆனால் வேலைக் கடிதங்கள் அடிக்கடி வாரக்கூலியைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன.

மீண்டும் 29 டாலர் கணக்கையே எடுப்போம். வாரம் 40 மணி நேரத்துக்கு 1,160 டாலர். இப்போது ஒரு கடிதம் "வாரம் 1,187 டாலர்" என்கிறது. பார்த்ததும் 27 டாலர் கூடுதல் போலத் தோன்றும். பிரித்துப் பார்த்தால் மணிக்கூலி 25, வேலை 45 மணி நேரம். நாற்பது மணி நேரத்துக்கு 1,000. மத்திய அரசின் தொழிலாளர் சட்டப்படி வாரம் 40ஐத் தாண்டிய நேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்பதால் மீதி ஐந்து மணி நேரத்துக்கு 187.50. மொத்தம் 1,187.50. உண்மையில் 29 கொடுத்திருந்தால் அதே 45 மணி நேரத்துக்கு 1,377.50 வந்திருக்க வேண்டும். வாரத்துக்கு 190 டாலர் போகிறது. ஆண்டு முழுக்க அப்படியே வேலை என்றால் 9,880 டாலர். ஊரில் வாங்கிய கடனின் வட்டியை அடைக்கிற பணம் அது.

(ரயில்வேயில் ஷிப்ட் முறை உள்ள இடங்களில் பல வாரங்களைச் சேர்த்துச் சராசரியாக மணிக்கணக்கு பார்ப்பதும் உண்டு. அப்படியானால் அதைக் கடிதத்தில் சொல்லியிருக்க வேண்டும்.)

யார் எதற்குப் பணம் கட்டுவது

எல்.எம்.ஐ.ஏ. விண்ணப்பத்துக்கு ஓர் இடத்துக்கு 1,000 டாலர் கட்டணம். அதை நிறுவனம்தான் கட்ட வேண்டும்; தொழிலாளியிடமிருந்து நேராகவோ சுற்றி வளைத்தோ வசூலிக்கக் கூடாது. ஆள் பிடித்துக் கொடுத்த கட்டணமும் அப்படியே. ஏஜெண்ட் வாங்கினாலும் நிறுவனம் பொறுப்பு. வேலை அனுமதிச் சீட்டுக்கான 155 டாலரும் கைரேகை, புகைப்படப் பதிவுக்கான 85 டாலரும்தான் பொதுவாக விண்ணப்பிப்பவரின் செலவு. "எல்.எம்.ஐ.ஏ. வாங்கித் தர பதினைந்து லட்சம்" என்று யாராவது சொன்னால், அரசு அந்தப் பணத்தைக் கேட்கவில்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

போய்ச் சேர்ந்தபின் சம்பளம் குறைந்தால்? இந்த அனுமதிச் சீட்டு ஒரே நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேலையை விட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டியிருக்குமோ என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. இதற்காகவே 2019 ஜூனில் ஒரு வழி திறந்தார்கள். சம்பளத்தைத் திருடுவது உட்பட ஏதேனும் ஒரு வகையில் நிறுவனம் கொடுமைப்படுத்துகிறது என்று காட்டினால், வேறு எந்த நிறுவனத்திலும் வேலை செய்ய அனுமதிக்கும் திறந்த அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தவறு செய்த நிறுவனத்துக்கு ஒரு மீறலுக்கு ஒரு லட்சம் டாலர் வரை, ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை அபராதம் உண்டு. இனி வெளிநாட்டவரை எடுக்க முடியாதபடி தடையும் விதிப்பார்கள். பிடிபட்ட நிறுவனங்களின் பட்டியலை அரசு இணையத்தில் பெயரோடு போடுகிறது. போகும் முன்பே தேடிப் பார்க்கலாம். நிறுவனத்தின் மீது புகார் சொல்லச் சான்று வேண்டும். கையெழுத்திட்ட ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தோம் என்று நாமே எழுதிவைத்த நோட்டு ஆகியவை கைவசம் இருந்தால் வழக்கு நிற்கும். வேலையின் முதல் நாளுக்குள் ஒப்பந்தத்தின் நகலைத் தொழிலாளியிடம் கொடுப்பது 2022 முதல் நிறுவனத்தின் கடமை.

இவ்வளவையும் எழுதி அனுப்பிவிட்டு அண்ணன் மகனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "பணத்தைப் பற்றி இப்போது பேசாதே. ஏஜெண்டிடம் மூன்று கேள்வி கேள். சம்பளச் சீட்டில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும்? மணிக்கூலி எவ்வளவு? ஐந்து இலக்க எண் என்ன?"

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. முதல் கேள்விக்கு, "பெரிய கம்பெனி" என்றார்களாம். மணிக்கூலிக்கு, "அங்கே போனதும் சொல்வார்கள்." எண்ணை மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: 75211. அவன் அதை எனக்கு அனுப்பும்போது இரண்டாவது இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தான்.